கைக்குள் ஒரு கிராம்பு

என் கணவருக்கு மெட்டு முதலில் வரும், வார்த்தை பிறகுதான் வரும். சினிமாவில் அப்படித்தான். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தை அணைத்துக்கொண்டு "லால லாலலா, உருளைக்கிழங்கு தாலலா" என்று ஏதாவது பாடிக் காட்டுவார். அந்த உருளைக்கிழங்கு இருந்த இடத்தில் இவர் ஒரு பெண்ணின் கண்ணீரை வைக்க வேண்டும். அளவு பிசகக் கூடாது. மறுநாள் பாடகி வந்துவிடுவார், வயலின்காரர்கள் வந்துவிடுவார்கள்.

லக்னோ பக்கத்துச் சண்டீலாவில் பிறந்த சையத் ஃபர்ஹத் ஹுசைன், பம்பாய்க்கு வந்து "தபிஷ்" என்ற பெயரில் பாட்டெழுதினார். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து நான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். ஆனாலும் ஒரு பாட்டு அவருக்குள் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரே ஒரு பாட்டைத் தவிர. அது மட்டும் என் அடுக்களையில் பிறந்தது.

மாஹிமில் அப்போது இரண்டு அறைதான் எங்களுக்கு. ஒரு படத்துக்குக் கல்யாணப்பெண் வீட்டைவிட்டுப் போகிற பாட்டு வேண்டியிருந்தது. பல்லவி வந்துவிட்டது, முதல் சரணம் வந்துவிட்டது. கடைசிச் சரணம் மட்டும் வரவில்லை. இவர் வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். நான் புலாவுக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

"தரக்ஷான், அதென்ன கையில?"

"கிராம்பு. வேறென்ன இருக்கும்? வைரமா?"

ஒன்றை என் உள்ளங்கையிலிருந்து எடுத்துக்கொண்டார். கையை மூடினார். மூடிய கையை மூக்கருகே கொண்டுபோய் அப்படியே நின்றுவிட்டார். எண்ணெய் புகைந்தது. நான் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினேன். அவர் முகம் அப்போது பத்து வயதுப் பையனின் முகமாக இருந்தது.

"அம்மா எங்களுக்கு இப்படித்தான் வைப்பா" என்றார். "எனக்கும் பாயீஜானுக்கும். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பரீட்சைக்கு லக்னோ கிளம்பறப்ப அழுவோம்ல, அதுக்காக அவளே கண்டுபிடிச்சது. கைக்குள்ள ஒரு கிராம்பை வச்சு மூடிடுவா. 'ரயில்வே கேட் தாண்டற வரைக்கும் திறக்காதே. அதுவரைக்கும் நீ வீட்டுலதான் இருக்கே'ம்பா."

"திறந்தா?"

"திறந்தா ஒண்ணுமில்ல. வெறும் கிராம்பு. ஆனா கையெல்லாம் வீட்டு வாசனை."

அதற்குள் சரணம் வந்துவிட்டது. நான் கண்ணால் பார்த்தேன் என்றுதான் சொல்வேன். உதடு அசைந்தது, மூடிய கை மெல்ல ஆடித் தாளம் போட்டது, மெட்டின் அளவுக்குச் சொற்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன.

*கைக்குள் மூடிய கிராம்பை
கேட்டைத் தாண்டித்தான் திறப்பேன், அம்மா.
அதுவரை நான் உன் வீட்டில்தான் இருக்கிறேன்.*

மறுநாள் தயாரிப்பாளர் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாராம். "தபிஷ் சாஹிப், கல்யாணப் பாட்டுல மளிகை சாமான் எதுக்கு? அடுத்து பட்டை, ஏலக்காய் எல்லாம் வருமா?"

இசையமைப்பாளர் ஷிவ்தயாள் மாஸ்டர் ஆர்மோனியத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாராம், "வரட்டுமே. பிரியாணி போட்டுடலாம்."

பாட்டு பதிவானது. படம் வெளியாகி ஒரு வாரத்திலேயே கொட்டகைகளிலிருந்து தூக்கிவிட்டார்கள். இசைத்தட்டில் இவர் பெயர் இருந்த இடம் ஒரு கடுகளவு. ரேடியோவில் ஒன்றிரண்டு முறை போட்டார்கள். பாடியவர் பெயரைச் சொன்னார்கள், எழுதியவர் பெயரைச் சொல்லவில்லை. பிறகு எங்கள் வீட்டில்கூட யாரும் அந்தப் பாட்டை நினைக்கவில்லை. பிள்ளைகள் பிறந்தார்கள். வேறு படங்கள் ஓடின. நாங்கள் பாந்த்ராவுக்கு வீடு மாறினோம்.

ஆனால் எந்தப் பாட்டு ஓடினாலும் இவர் ஒரு கேள்வி கேட்பார். "பாயீஜான் கேட்டா என்ன சொல்லுவார்?"

அண்ணன் வஜாஹத் ஹுசைன் சண்டீலாவில் பாரசீக ஆசிரியர். அந்த வீட்டில் நாலு தலைமுறையாக ஷாயர்கள், உருதுக் கவிஞர்கள். தம்பி எழுதிய ஒரு விளையாட்டுப் பாட்டை, பீடி வாங்க வந்தவர்கள் வெற்றிலைக் கடையில் நின்று சீட்டியடித்ததை அவர் கேட்டிருக்கிறார். அன்றே சொல்லியனுப்பிவிட்டார். "பீடிக்கட்டோட சேர்த்து விக்கிற கவிதை இந்த வீட்டுக் கவிதை இல்ல. என் தம்பி ஷாயரா இருந்தான், செத்துட்டான்."

அன்றிலிருந்து எங்களுக்கு அந்த வாசல் இல்லை. இவர் வாங்காத பாராட்டு இல்லை. பெரிய பெரிய அரங்குகளில் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டியதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே இந்தக் கேள்வி வந்துவிடும். அந்த மனிதர் ஒரே ஒருமுறை உட்கார்ந்து இவர் எழுதியதைக் கேட்க வேண்டும். நான் தொழுகை விரிப்பில் கேட்டது அது ஒன்றுதான்.

அப்புறம் அண்ணன் மகள் நுஸ்ஹத்துக்குக் கல்யாணம் வந்தது.

சேதி கொண்டுவந்தவன் அண்ணன் மனைவி மஹ்லகா பாபியின் தம்பி ஸுல்ஃபி. மண்சட்டியில் சண்டீலா லட்டு, மேலே துணி கட்டி. சட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நுஸ்ஹத் பிடிவாதமா இருக்கா. 'சித்தப்பா வரலைன்னா காஜி சம்மதம் கேட்கறப்ப நான் வாயைத் திறக்கவே மாட்டேன், நீங்களே போய் மாப்பிள்ளையைக் கட்டிக்கோங்க'ன்னு அத்தான்கிட்டயே சொல்லிட்டா."

இவர் சிரித்துவிட்டார். "உன் அத்தான் என்ன சொன்னார்?"

ஸுல்ஃபி சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வரட்டும்னார். தம்பியா வரட்டும், ஷாயரா வரக்கூடாது. என் வாசலுக்குள்ள அவன் வாயிலேருந்து ஒரு வரி வரக்கூடாது, அப்படின்னு வாக்குக் கொடுத்தா வரட்டும்னார்."

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணை அனுப்பும்போது படிக்கிற விடைக்கவிதையை அந்த வீட்டு ஷாயரே எழுதுவார். வெளியாரிடம் கேட்பதில்லை. அண்ணன் இந்தமுறை லக்னோவிலிருந்து கௌஹர் சாஹிப் என்ற பெரியவரை வரவழைத்திருந்தார். அதையும் ஸுல்ஃபிதான் சொன்னான், சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"வாக்குக் கொடுத்தேன்னு சொல்லு" என்றார் இவர். பிறகு சட்டியை அவன் மடியிலிருந்து வாங்கி, துணியை அவிழ்த்து, நின்றபடியே ஒரு லட்டைத் தின்றார்.

சண்டீலா வீட்டு வாசலில் அண்ணனும் தம்பியும் பார்த்துக்கொண்டார்கள். அண்ணனுக்குத் தாடி வெளுத்திருந்தது. அணைத்துக்கொண்டார், ஆனால் சட்டென்று விட்டுவிட்டார்.

"ரயில்ல கூட்டமா?"

"இல்ல பாயீஜான்."

"சாப்பிடு." அவ்வளவுதான். தம்பிக்குச் சாப்பாடு உண்டு, ஷாயருக்கு இடமில்லை. இவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

மஹ்லகா பாபி மட்டும் எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதவள். இவரைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"வந்துட்டாரா பம்பாய் நவாப்? தரக்ஷான், இந்த மனுஷனுக்குச் சோறு போடறியா இல்லியா? இல்ல, நடிகைங்களைப் பார்த்தே வயித்தை நிரப்பிக்கிறாரா?"

"நடிகைங்க எல்லாம் உங்க கால் தூசிக்கு ஆவாங்களா பாபிஜான்?"

"பேச்சைப் பாரு. இதுக்குத்தான் அவர் உன்னை வீட்டுக்குள்ள விடல."

கல்யாணத்துக்கு முந்தின நாள் பிற்பகல். முற்றத்தில் பெண்கள் டோலக்கை நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். பாபிதான் வாசித்தாள். மோதிரங்களைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கரண்டியை ஒரு சிறுமியிடம் கொடுத்து டோலக்கின் மரத்தில் தட்டச் சொன்னாள். மாப்பிள்ளையின் தாயைக் கிண்டல் செய்யும் பாட்டுகள் எல்லாம் முடிந்தன. பிறகு குரலைத் தாழ்த்தி அவள் ஒரு பாட்டைத் தொடங்கினாள்.

மெட்டு கொஞ்சம் மாறியிருந்தது. வேகம் குறைந்து, சில இடங்களில் மூச்சு விடுவதுபோல் நின்று நின்று போயிற்று. எனக்கு உடனே புரியவில்லை. இரண்டாவது அடி வந்ததும் கையிலிருந்த மோதிரங்கள் கீழே உருண்டன.

அது என் அடுக்களைப் பாட்டு.

நிமிர்ந்து பார்த்தேன். தேநீருக்காக வந்த என் கணவர் தூணருகே கோப்பையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். கோப்பை சாய்ந்து தேநீர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

அந்த வீட்டில் ரேடியோ கிடையாது. அங்கிருந்த பெண்களில் பாதிப்பேர் சினிமாக் கொட்டகையின் வெளிச்சுவரைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் எல்லோருக்கும் பாட்டுத் தெரிந்திருந்தது. பல் போன கிழவி ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். மருதாணி காயாத கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நுஸ்ஹத்தும் முணுமுணுத்தாள். ஒரு வாரம்கூட ஓடாத படத்திலிருந்து இறங்கி இந்தப் பாட்டு எப்படி நடந்து வந்தது? எந்த ஊரில் எந்தப் பெண் அதைக் கேட்டாள், எந்தக் கல்யாணத்தில் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாள்? பெயர் இல்லாமல், துணை இல்லாமல், எழுதியவனுக்கே சாத்திய வாசலுக்குள் அது எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

கதவைப் பற்றிய அடி வந்தது. இவர் எழுதியது எனக்கு நன்றாக நினைவிருந்தது: *கதவை மெல்லச் சாத்துங்கள் அப்பா, அது முனகினால் நான் திரும்பிவிடுவேன்.* இவரும் தன்னையறியாமல் அதைத்தான் முணுமுணுத்திருக்கிறார். பாபி டோலக்கை நிறுத்திவிட்டாள்.

"ஏய் ஃபர்ஹத், தெரியாத பாட்டைப் பாடாதே. தப்பு."

"தப்பா?"

"தப்புதான். 'மெல்லச் சாத்துங்க'ன்னு எந்தப் பொண்ணாவது சொல்லுவாளா? உனக்குப் பொண்ணு இல்ல, அதான் தெரியல. நல்லாக் கேளு."

அவள் பாடிக் காட்டினாள்.

*கதவைச் சாத்தாதீர்கள் அப்பா.
திரும்பிப் பார்க்க எனக்கு ஒரு வீடு வேண்டும்.*

இவர் ஒரு அசைக்காக ஷிவ்தயாள் மாஸ்டரோடு நாள்கணக்கில் பேசாமல் இருந்தவர். ஒரு சொல்லை மாற்றினார்கள் என்று தயாரிப்பாளரின் காரிலிருந்து நடுரோட்டில் இறங்கி நடந்துவந்தவர். இப்போது வலது கையை நெற்றிவரை தூக்கி, பெரிய ஷாயர்களுக்குச் செய்கிற சலாமை பாபிக்குச் செய்தார்.

"இன்னொரு தடவை பாடுங்க பாபிஜான்."

"என்ன இது, என் முன்னாடி நடிக்கிறியா? இது என் பாட்டி காலத்துப் பாட்டு. நீங்க பம்பாய்ல எழுதற மாதிரி லாரலப்பா இல்ல."

"உங்க பாட்டி பாடிக் கேட்டிருக்கீங்களா?"

"கேட்காம? ஹர்தோயில, மலிஹாபாதுல, எல்லாக் கல்யாணத்துலயும் இதான். எப்பவும் இருந்தது."

என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு வாக்கியம் போதும், எல்லாம் சரியாகிவிடும். நான் எழுந்தே விட்டேன். இவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

பிறகு தனியாகப் பிடித்துக் கேட்டேன். "ஏன் சொல்லக்கூடாது? வாக்குக் கொடுத்தது நீங்க. நான் கொடுக்கல."

அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். கண்கள் பளபளவென்று இருந்தன. "தரக்ஷான், என் பெயர் இல்லாம அது வாழுது. நான் செத்தாலும் வாழும். அது எப்பவும் இருந்ததுன்னு சொல்றாங்க, கேட்டியா? எங்க நாலு தலைமுறையில யாருக்கும் இது கிடைக்கல. இதுக்கு மேல போய் 'என்னுது என்னுது'ன்னு சட்டையைப் பிடிச்சு இழுக்கவா?"

"பாயீஜான்?"

அவர் கண்ணின் பளபளப்பு கொஞ்சம் குறைந்தது.

மறுநாள் நிக்காஹ் முடிந்தது. வாசலில் விரித்த ஜமுக்காளத்தில் கௌஹர் சாஹிப் தன் விடைக்கவிதையைப் படித்தார். மூங்கில் சிக் மறைப்புக்குப் பின்னால் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். நிலவு வந்தது, ரோஜா வந்தது, பாரசீகத்து அரசர்கள் வந்தார்கள். ஆண்கள் "வாஹ், வாஹ்" என்றார்கள். என் பக்கத்திலிருந்த பெண் ஒருத்தி கொட்டாவியை முந்தானைக்குள் ஒளித்தாள். ஓரத்தில் இவர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு அடிக்கும் ஒழுங்காகத் தலையாட்டினார்.

பெண்ணை அனுப்பும் நேரம் வந்தது. அண்ணனும் இவரும் உள்முற்றத்துக்கு வந்தார்கள். நுஸ்ஹத் சிவப்புத் துணிக்குள் ஒரு பொட்டலம்போல் உட்கார்ந்திருந்தாள். பாபி டோலக் இல்லாமல், வெறும் குரலில் பாட ஆரம்பித்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

*கதவைச் சாத்தாதீர்கள் அப்பா...*

பாரசீக ஆசிரியர், ஊரே பயந்து நிற்கும் மனிதர், சுவரைப் பிடித்துக்கொண்டார். தாடி நனைந்தது. மகளை அணைத்துக்கொண்டு அவர் அழுததைப் பார்த்து எங்களுக்கும் தாங்கவில்லை. பிறகு பக்கத்தில் நின்ற தம்பியின் தோளைப் பிடித்தார்.

"கேட்டியா? இதுதான் கவிதை. கௌஹர் சாஹிப் அவ்வளவு நேரம் படிச்சாரே, எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வந்துச்சா? எழுதினவன் யாரோ. பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. அவன் கால்ல விழணும். நீயும் எழுதறியே..."

"ஆமா பாயீஜான்" என்றார் என் கணவர்.

அந்த "ஆமா" இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வேன்! அதில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. எத்தனையோ வருஷமாகக் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, வேறு யாருடைய விலாசத்துக்கோ வந்த மாதிரி. நான் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் கத்தியிருப்பேன்.

கடைசிச் சரணம் வந்தது. பாபி பாடிக்கொண்டே துப்பட்டா முடிச்சிலிருந்து எதையோ எடுத்தாள். நுஸ்ஹத்தின் வலது கையைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"கேட் தாண்டற வரைக்கும் திறக்காதே கண்ணு."

அண்ணன் அழுகையை நிறுத்திவிட்டார்.

மகளைக் காரில் ஏற்றினார்கள். கார் போயிற்று. தெருவில் புழுதி அடங்குவதற்குள் அவர் திரும்பி வந்துவிட்டார்.

"மஹ்லகா. அவ கையில என்ன வச்சே?"

"கிராம்பு. வேறென்ன வைப்பாங்க?"

"ஏன் வச்சே?"

"இதென்ன கேள்வி? வழக்கம். எல்லா ஊர்லயும் பொண்ணு கையில கிராம்பு வைப்பாங்க. பாட்டுலயே வருதே."

"என் தங்கச்சி கல்யாணத்துல வச்சாங்களா? உன் கல்யாணத்துல வச்சாங்களா?"

பாபி யோசித்தாள். "எனக்கு வைக்கல. மறந்திருப்பாங்க."

"மறக்கல. அப்படி ஒரு வழக்கமே இல்ல." அவர் குரல் இறங்கிவிட்டது. "எங்க அம்மா வச்சா. நீ வர்றதுக்கு முன்னாடியே போயிட்டா. உலகத்துல ரெண்டே ரெண்டு பேர் கையிலதான் வச்சா."

அவர் தம்பியைப் பார்த்தார். பந்தல் துணி காற்றில் அடித்துக்கொண்டது. எங்கள் மாமியாரை நான் பார்த்ததில்லை. பிள்ளைகளின் அழுகையை நிறுத்த ஒரு தாய் செய்த சின்னத் தந்திரம், ஒரு பாட்டுக்குள் ஏறி, ஊர் ஊராகப் போய், யார் யார் வீட்டுப் பெண்களின் கைகளிலோ உட்கார்ந்து, வழக்கமாகி, அவள் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் கைகட்டி நிற்கிறார்.

"நீயா?" என்றார் அண்ணன்.

இவர் தலையசைத்தார்.

"நான் அவ்வளவு பேசினேனே, சொல்லிருக்கலாமேடா."

"வாயைத் திறக்க மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருந்தேன் பாயீஜான்."

அண்ணன் வாசலுக்கு நடந்தார், பின்னாலேயே நாங்களும். ஆள் இல்லாத ஜமுக்காளத்தில், கௌஹர் சாஹிப் சாய்ந்திருந்த திண்டைத் தானே எடுத்து நடுவில் போட்டார். அதன் எதிரே, கேட்பவர்கள் உட்காரும் இடத்தில், மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"இப்ப திற" என்றார்.

என் கணவர் எத்தனையோ அரங்குகளில் படித்திருக்கிறார். அன்று போல் அவர் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை. பல்லவியைச் சொன்னார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, விரல்களால் தொடையில் அளவு பார்த்துக்கொண்டே கேட்டார். கதவு வந்தது. சாத்தாதீர்கள் என்றே சொன்னார். அண்ணன் விரலை நிறுத்தினார்.

"இந்த வரி உன்னுது இல்ல."

"எப்படித் தெரிஞ்சது?"

"உன்னைவிட நல்லா இருக்கு."

இவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஆமா. அது பாபிஜானோடது."

"என்னோடதா?" மஹ்லகா பாபிக்குக் கோபம் வந்துவிட்டது. "எத்தனை தடவை சொல்றது? அது என் பாட்டியோடது! அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேர்ந்து என் பாட்டி பாட்டைத் திருடப் பாக்கறீங்களா? தரக்ஷான், நீயாவது உன் புருஷன்கிட்ட சொல்லு."

நான் என்ன சொல்ல? "உங்க பாட்டியோடதுதான் பாபிஜான்" என்றேன். அதில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

"இன்னொரு தடவை" என்றார் அண்ணன், தம்பியிடம்.

நாங்கள் கிளம்பிய அன்று காலை அவர் வாசல்வரை வந்தார். பிள்ளைகளுக்கு லட்டுச் சட்டியைக் கொடுத்தார். எனக்கு துவா சொன்னார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து, தம்பியின் கையைப் பிரித்து வைத்து, மூடினார். விரல்களை அவர் மடக்கிய விதத்தைப் பார்த்ததும், பார்த்தே இராத என் மாமியாரை ஒரு கணம் பார்த்துவிட்டேன்.

டோங்கா நகர்ந்தது. தெருமுனையில் நான் திரும்பிப் பார்த்தேன். கதவு திறந்தேதான் இருந்தது.

ரயில்வே கேட்டைத் தாண்டினோம். "தாண்டியாச்சு, திறங்க" என்றேன். இவர் தலையை ஆட்டினார். ரயிலேறி உட்கார்ந்த பிறகும், லக்னோ வந்த பிறகும், மூடிய கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார்.